ஏழாம் கேள்விக்கு நீங்கள் எழுதிய பதில்

மார்ச் 4

உங்களுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் முறை. முறையை எல்லாம் நீங்கள் அன்றைக்கே கடலில் போட்டுவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தங்கை வீட்டில் இருக்கிறேன். நாலரை மணி நேர பஸ் பயணம். டிரைவர் வளைவுக்கு வளைவு பிரேக்கைப் போட்டு மிதித்துக்கொண்டே வந்தார். நான் அவருக்கு நேர் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டுகிறவரை ஓட்டவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன், கடைசியில் நானே மன்னிப்பும் கேட்டு வைப்பேன். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிடுகிறேன், நீங்கள் வேறு மாதிரி எழுதி ஆபீசில் கொடுத்திருப்பதால். மார்ச் இரண்டு, காலை பத்தேகால். நம் படகுப் பயணத்தின் பன்னிரண்டாவது துறைமுகம். உள்ளே போகிற வழி குறுகல், இடது பக்கம் மணல்திட்டு. ஸ்டியரிங் என்னிடம் இருந்தது. கரையில் நட்டிருக்கும் இரண்டு வெள்ளைக் கம்பங்களையும் ஒன்றின் பின்னால் மற்றொன்று மறைகிற மாதிரி வைத்து, மெதுவாக, நூல் பிடித்தது போல் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு மீன்பிடிப் படகு வெளியே வந்தது. அதை நான் முன்னாலேயே பார்த்து வேகத்தைக் குறைத்தாயிற்று. அந்தப் படகுக்காரரும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டார். இரண்டு பேரும் தாராளமாகப் போக இடம் இருந்தது.

அப்போது நீங்கள் முன்பக்கத்திலிருந்து ஓடி வந்தீர்கள். என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடுங்கினீர்கள். ஒரு கையை எதற்கோ மேலே தூக்கினீர்கள், அது எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இன்னொரு கையால் இடது பக்கம் திருப்பினீர்கள். அடியில் கரகரவென்று சத்தம். திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

நாற்பது நிமிடம்! தண்ணீர் ஏறுகிறவரை நடு வழியில் உட்கார்ந்திருந்தோம். மூன்று படகுகள் போக வழியில்லாமல் நின்றன. அலைதடுப்புச் சுவரில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் தூண்டிலை மறந்து நம்மைப் பார்த்தார்கள். ஒருவர் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "அந்தம்மா ஓட்டிட்டு வந்தாங்க, அதான்." நீங்கள் அதைக் கேட்டீர்கள். கேட்டுவிட்டுத் தொப்பியைத் தேடினீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் துறைமுக ஆபீசில் விபத்துப் படிவம் கொடுத்தார்களே, அதில் ஏழாவது கேள்வி: "விபத்து நேர்ந்தபோது சக்கரம் யார் கையில் இருந்தது?" நீங்கள் உங்கள் மணிமணியான கையெழுத்தில் எழுதினீர்கள்: "மனைவி கையில்." அதிகாரி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "புதுசுல அப்படித்தாம்மா, பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். எனக்கு! இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவளுக்கு! என் பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பு கிடையாது. ஒரு பின்பக்க விளக்குகூட உடைந்தது கிடையாது.

போய் அந்தப் பதிலைத் திருத்துங்கள். அதுவரைக்கும் படகும் வேண்டாம், பயணமும் வேண்டாம்.

இப்படிக்கு,
அப்போது ஸ்டியரிங்கில் இல்லாதவள்


மார்ச் 7

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் படகுப் பட்டறை முகவரிக்கு வந்து சேர்ந்தது. பட்டறைக்காரர் அதை ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் வைத்திருந்தார். உறையில் பச்சைக் கறை. பிரித்துப் படித்தபோது கறை உறையில் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

இங்கே நிலவரம்: படகைத் தூக்கிக் கரையில் மரக்கட்டைகள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் சுழலும் விசிறியின் இரண்டு இதழ்கள் மடங்கிவிட்டன. தண்டும் சற்று வளைந்திருக்கிறது. மாற்ற மூன்று வாரம் ஆகுமாம். நான் ஏணி போட்டு ஏறிப் படகிலேயே தங்கியிருக்கிறேன். தொட்டியில் பாத்திரம் கழுவினால் தண்ணீர் நேராகக் கீழே நிற்கிறவர் தலையில் ஊற்றும். நேற்று ஊற்றியது. ஆகவே ஒவ்வொரு தேநீர்க் கோப்பையோடும் ஏணியில் இறங்கி ஏறுகிறேன். நீ என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் போய்விட்டாய்.

படிவ விஷயத்துக்கு வருகிறேன். நான் பொய் எழுதவில்லை. நம் படகில் ஒரு விதி உண்டு. சுக்கான் சக்கரத்தைக் கொடுப்பவர் "உங்ககிட்ட" என்று சொல்ல வேண்டும், வாங்குபவர் "என்கிட்ட" என்று சொல்ல வேண்டும். இரண்டும் சொல்லப்பட்டால்தான் சக்கரம் கை மாறியதாகக் கணக்கு. இந்த விதியைத் தட்டச்சு செய்து சக்கரத்துக்கு மேலே ஒட்டியதும் நான்தான். அன்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே விதிப்படி சக்கரம் உன் பொறுப்பில்தான் இருந்தது. படிவத்தில் அதைத்தான் எழுதினேன்.

மீன்பிடிப் படகு மிக அருகில் வந்துவிட்டது. அவசரத்தில் தலையிட்டேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இன்னொன்று. நம்மை வரவேற்க என் அண்ணன் அத்தனை தூரம் வந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாய். அவர் என்ன நினைப்பார்?

ஏப்ரல் பாதிக்கு மேல் காற்று திசை மாறிவிடும். அதற்குள் வடக்கு முனையைத் தாண்டாவிட்டால் இந்த ஆண்டு இத்தோடு சரி. ஆகவே கோபத்தை வைத்துவிட்டுக் கிளம்பி வா.

அன்புடன்,
உன் கணவன்


மார்ச் 10

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். "விதிப்படி" என்ற இடம் வந்ததும் அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். பாவாடையில் முக்கோணமாகக் கருகிவிட்டது. "அக்கா, மாமா நிஜமாவே இப்படி எழுதியிருக்காரா?" என்றாள். எழுதியிருக்கிறார் என்று காட்டினேன்.

நீங்கள் விதியை மீறிப் பிடுங்குவீர்களாம். மீறியதாலேயே அது உங்கள் கையில் இல்லை என்று ஆகிவிடுமாம். குதிரை கீழே தள்ளியது போதாது என்று குழியும் பறித்ததாம். என் கைப்பையை ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினால், "நீங்க குடுக்கலையேம்மா, அதனால பை உங்ககிட்டதான் இருக்கு" என்று போலீஸ்காரர் சொல்வாரா? முப்பது வருஷம் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர் நீங்கள். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய கடைக்காரன் எத்தனை நியாயம் சொல்லியிருப்பான்! வீட்டுக்கு வந்து அவனைப் போல் நடித்துக் காட்டிச் சிரிப்பீர்களே. இப்போது வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்தது விதிப்படி என்கிறது.

அண்ணன் என்ன நினைப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என்ன நினைப்பேன் என்று ஒரு வரி கேட்டீர்களா?

இப்போது புதுச் செய்தி. லைசென்ஸ் ஆபீசிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது, வீட்டு முகவரிக்கு வந்து இங்கே திருப்பி அனுப்பப்பட்டது. உங்கள் படிவத்தின் பேரில் என் படகு லைசென்சை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மார்ச் இருபத்தெட்டு, காலை பதினொரு மணிக்கு விசாரணை. என் தவறு என்று முடிவானால் கவனக்குறைவு என்று குறிப்பு எழுதுவார்கள். அதன் நகல் என் பஸ் லைசென்ஸ் பதிவுக்கும் போகும், எல்லாம் ஒரே அலமாரிதானாம். இருபத்தாறு வருஷம் காலியாக இருந்த பக்கத்தில், ஓய்வு பெற்ற பிறகு, நான் செய்யாத ஒன்றுக்கு ஒரு குறிப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அப்போது நமக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தர் படியில் காலை வைத்து, என்னைப் பார்த்துவிட்டு, "பொம்பள ஓட்டுற வண்டியா? அடுத்ததுல வரேன்" என்று இறங்கிவிட்டார். அன்று மழை. அடுத்த வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது, வரவே இல்லை. நான் இரண்டு நடை போய்த் திரும்பும்போதும் அவர் நனைந்துகொண்டே நின்றார். மூன்றாவது நடையில் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன். அந்தக் காலிப் பக்கம்தான் என் பதில் என்று வைத்துக்கொண்டேன். அத்தனை பேருக்கும் அதுதான் என் பதில்.

அதை அழிக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. நீங்கள் போதும்.

கண்ணாடிக் கூடு தபாலில் வருகிறது.


மார்ச் 14

அன்புள்ள மனைவிக்கு,

கூடு வந்தது. நன்றி.

நேற்று துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். நீ நினைப்பது போல் நான் கல் நெஞ்சன் இல்லை. படிவத்தில் ஒரு திருத்தம் செய்யலாமா என்று பொதுவாகக் கேட்டேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சார், திருத்தலாம். ஆனா முதல்ல குடுத்தது பொய்த் தகவல்னு ஆகும். உங்க லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போயிடும். பக்கத்துல லைசென்ஸ் உள்ளவங்க இருந்தாகூட நீங்க சக்கரத்தைத் தொடக் கூடாது. யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

யோசித்தேன். நீயும் கோபப்படாமல் யோசி. உன் பேரில் குறிப்பு வந்தால் மூன்று மாதம் உரிமம் நிற்கும், அவ்வளவுதான். நீ இனி பஸ் ஓட்டப் போவதில்லை. அந்தப் பதிவேட்டை இனி யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? என் உரிமம் போனால் ஒரு வருடம். மீதி இருப்பது ஏழு துறைமுகம். நான் ஓட்டுகிறேன், நீ வரைபடம் பார். ஏப்ரல் முடிவதற்குள் பயணம் முடிகிற முகத்துவாரத்தைத் தொட்டுவிடலாம். இரண்டு ஆண்டு நாம் இருவரும் முட்டி தேயச் சுரண்டிப் பெயின்ட் அடித்த படகு இது. ஒரு காகிதத்துக்காக அதைக் கட்டைமேல் நிறுத்தி வைக்க வேண்டுமா?

இன்னொன்றும் உனக்குத் தெரியும். கார் ஓட்டும் தேர்வில் நான் மூன்று முறை தோற்றவன். நம் வீட்டில் எந்த வண்டியாக இருந்தாலும் நீதான் ஓட்டினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அண்ணன் வாசலிலேயே நின்று, "டிரைவரம்மா வந்தாச்சு, பின்னாடி பார்சல் வருது பாருங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அறுபது வயதில் எனக்குக் கிடைத்த முதல் உரிமம் இந்தப் படகு உரிமம். அதில் என் புகைப்படம் நன்றாகவே விழுந்திருக்கிறது.

கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன் கணவன்


மார்ச் 17

உங்களுக்கு,

யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்ப்பேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவர் பழியைச் சுமக்கிறவளிடமே வந்து, "உனக்குக் கனமா இருக்காது, எனக்குத்தான் கனமா இருக்கும்" என்று சொல்வதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உங்கள் முதல் கடிதத்தைவிட இதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. முதல் கடிதத்தில் நீங்கள் என்னை ஏமாற்றப் பார்த்தீர்கள். இதில் உண்மை தெரிந்துகொண்டே பேரம் பேசுகிறீர்கள்.

இருபத்தெட்டாம் தேதி நான் போவேன். அங்கே கேட்பார்கள். "எங்க வீட்டுக்காரர் பொய் எழுதினார்" என்று நான் சொல்ல வேண்டும், அல்லது செய்யாததை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி இல்லை. ஊரார் முன்னால் உங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்துதான் அந்த ஏழாம் கேள்விக்கு அத்தனை தைரியமாகப் பதில் எழுதினீர்கள். என் நல்ல குணத்தின் மேலேயே ஏறி நின்று எழுதினீர்கள்.

உங்களுக்குப் பதினோரு நாள் இருக்கிறது. இனி நான் எழுத மாட்டேன்.


மார்ச் 19

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். பட்டறையில் காகிதம் தீர்ந்துவிட்டதால் இந்த அட்டை. நாளை ஓரிடத்துக்குப் போகிறேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.


மார்ச் 24

என் மனைவிக்கு,

மீன்பிடிப் படகு அருகில் வரவில்லை. நீ சொன்னது எல்லாம் சரி. தூரத்தில்தான் இருந்தது, நீ வேகத்தைக் குறைத்ததும் எனக்குத் தெரியும். எனக்குப் பயமே வரவில்லை.

கையை எதற்குத் தூக்கினேன் என்று உனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அண்ணனுக்குக் காட்டத் தூக்கினேன். பத்து மணிக்கு அலைதடுப்புச் சுவரின் முனையில் நிற்பதாக அவர் சொல்லியிருந்தார். நான் முன்பக்கத்தில் கயிற்றோடு நின்றிருந்தேன். அங்கே நின்று பார்த்தபோது, இன்னும் இரண்டு நிமிடத்தில் அவர் கண்ணில் படப்போவது என்ன என்று தோன்றியது: நீ சக்கரத்தில், நான் கயிற்றோடு. மறுபடியும் டிரைவரம்மாவும் பார்சலும். அந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் ஓட்டிக்கொண்டு உள்ளே வருவதை அவர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. உன்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய். கேட்க வெட்கமாக இருந்தது. ஓடி வந்து பிடுங்கினேன். வலது கையைத் தூக்கி ஆட்டினேன். இடது கை சக்கரத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இதுதான் நடந்தது. மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

இருபதாம் தேதி அண்ணன் வீட்டுக்குப் போனேன். இதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நகவெட்டியைக் கீழே வைத்தார். "நான் எங்கடா பாத்தேன்? நீங்க வர லேட் ஆச்சுன்னு கக்கூஸ் தேடிப் போயிட்டேன். அந்த ஊர்ல ஒண்ணு கண்டுபிடிக்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. திரும்பி வந்தா நீங்க மணல்ல உக்காந்திருந்தீங்க. டிரைவரம்மா எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டுட்டு இருந்தாங்க. நீ தொப்பி தேடிட்டு இருந்த" என்றார்.

பிறகு அவர், "நான் சும்மா தமாசுக்குத்தானேடா அப்படிச் சொல்லுவேன்" என்றார். முப்பத்தொரு வருடத் தமாசு. எனக்கு வந்த கோபத்தில் நகவெட்டியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். நான் அவரை எதிர்த்து ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அதைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை, கீழே போய்த் தேடி எடுத்து வந்து கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலை துறைமுக அலுவலகத்தில் ஏழாம் கேள்விக்குப் புதுப் பதில் எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் மூன்று வரிக்குத்தான் இடம். தனித்தாள் கேட்டு வாங்கி, அண்ணன், கை, எல்லாம் எழுதினேன். அதிகாரி, "இவ்வளவு வேணாம் சார், கைமாறிச்சுன்னு மட்டும் எழுதுனா போதும்" என்றார். பாதி எடைக்கு முத்திரை குத்தி எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், மூன்று வாரமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். உரிமத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

எனக்கும் உன்மேல் ஒரு கோபம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நாற்பது நிமிடமும் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தனை பேர் முன்னால் வாய் திறக்காமல் நங்கூரம் போட்டாய், ஆழம் பார்த்தாய், பின்னால் நின்ற படகுகளுக்குக் கைகாட்டி மன்னிப்புக் கேட்டாய். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஆத்திரத்தில் உண்மை வெளியே வந்திருக்கும். நீ காப்பாற்றியதில் எனக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. இது உன் குற்றம் இல்லை என்று தெரியும். எழுத வேண்டும் போல் இருந்தது.

வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

கணவன்


மார்ச் 29

உங்களுக்கு,

இனி எழுத மாட்டேன் என்று சொன்னேன். எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இப்போது வேறு ஒருத்தர்மேல் கோபமாக இருக்கிறது.

நேற்று விசாரணைக்குப் போகும்போது உங்கள் கடிதம் எனக்கு வந்திருக்கவில்லை. முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் தங்கை வீட்டுத் தபால் பெட்டியில் இருந்தது. நான் ஒன்றும் தெரியாமல்தான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பழைய பஸ் பதிவேட்டை நகலெடுத்துக் கையில் வைத்திருந்தேன். எதிரே ஒரு அதிகாரி, பக்கத்தில் கணினியோடு ஒரு குமாஸ்தா. "சொல்லுங்கம்மா, சக்கரம் யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், சாகிறவரைக்கும்.

அதற்குள் குமாஸ்தா, "சார், இது நேத்துதான் வந்துச்சு" என்று ஒரு தாளை நீட்டினார். அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார். உங்கள் எழுத்தைப் படிப்பது எளிது, கொட்டை கொட்டையாக இருக்கும். அதில் அண்ணன் வந்தார், கை வந்தது. "என் மனைவி ஓட்டிக்கொண்டு வருவதை என் அண்ணன் பார்ப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. கேவலமானவன் நான்தான்" என்ற இடம் வந்தது.

அந்த ஆள் சிரித்தார். குமாஸ்தாவும் சிரித்தார். "அண்ணனுக்கு டாட்டா காட்டப் போயி மணல்ல ஏத்திட்டாரா! அருமையான ஆளும்மா உங்க வீட்டுக்காரர்" என்றார் அதிகாரி.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். எழுந்து நின்றுவிட்டேன். "இதுல சிரிக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? இந்த ஆபீஸ்ல இத்தனை வருஷத்துல எத்தனை பேர் தானா வந்து தப்பை எழுதிக் குடுத்திருக்காங்க? அந்த அலமாரியைத் திறங்க, எண்ணிப் பாக்கலாம். அவரைத் திட்டுறதுக்கு நான் இருக்கேன். நீங்க சிரிக்காதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் போயிருக்கும், பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல், அதை நான் என்ன செய்வது? அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். குமாஸ்தாவும் எழுந்து நின்று சொன்னார். குறிப்பு ஒன்றும் இல்லை என்று எழுதி, முத்திரை போட்டு, லைசென்சைக் கையில் கொடுத்தார்கள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். மூன்று பஸ் போய்விட்டது.

நீங்கள் நன்றியை எதிர்பார்க்க வேண்டாம். என் பொருளை எடுத்தீர்கள், திருப்பி வைத்தீர்கள். எடுத்ததைத் திருப்பி வைத்தவருக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை. அதுவும் மூன்று வாரம் உள்ளங்கையில் மூடி வைத்திருந்து, பேரம் பேசிப் பார்த்துவிட்டு, கடைசி ஐந்து நாளில் கொடுத்தீர்கள். ஆறிப் போகிற கோபம் இல்லை இது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை அந்த இரண்டு பேர் சிரித்துக்கொண்டே படித்ததை நினைத்தால் அதுவும் ஆறவில்லை. இரண்டும் சேர்ந்து எனக்கு நெஞ்சு எரிகிறது. தங்கை பால் காய்ச்சிக் கொடுத்தாள், பிரயோஜனம் இல்லை.

என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்திருப்பேன்தான். நீங்கள் அந்தச் சுவரைத் தாண்டுகிறவரைக்கும் நான் உள்ளே போய், கண்ணில் படாமல் படுக்கைக்கு அடியில்கூட ஒளிந்திருப்பேன். அவ்வளவு சின்னக் காரியம். கேட்பதைவிடப் பிடுங்குவதும் பொய் சொல்வதும் உங்களுக்கு எளிதாக இருந்திருக்கிறதே, முப்பத்தொரு வருஷம் நாம் என்ன குடித்தனம் நடத்தினோம்? இதை ஒரு கடிதத்தில் கேட்டு முடிக்க முடியாது. உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், பதில் வருகிறவரைக்கும் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே வந்து சேரும் பஸ்ஸில் வருகிறேன். பட்டறைக்காரர் புது விசிறியை மாட்டும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். மீதி ஏழு துறைமுகத்துக்கும் ஒரே ஒரு லைசென்ஸ்தான் இருக்கிறது. ஆகையால் நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட மாட்டேன், முனையைத் தாண்ட முடிந்தால் தாண்டுவோம், இல்லாவிட்டால் இல்லை.

பஸ் நிலையத்துக்கு வந்து நில்லுங்கள். பை கனம். ஏணியை நன்றாகக் கட்டி வையுங்கள். நான் வந்து சேர்கிறவரைக்கும் படகில் எதையும் தொடாதீர்கள்.